போல்ட் கிளம்பியது எப்போது, துப்பாக்கி வெடித்தது எப்போது

கேட்டவர் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 2011-இல் தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டி, ஆண்கள் 100 மீட்டர் இறுதி. அதில் உசேன் போல்ட்டை ஒரே ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்காக (முன்கூட்டிக் கிளம்பியதற்காக) வெளியே அனுப்பியது நியாயமா என்பது முதல் கேள்வி. பக்கத்து லேனில் இருந்த யோஹான் பிளேக்கின் கால் முதலில் அசைந்ததாம், அதனால்தான் போல்ட் கிளம்பினாராம், உண்மையா என்பது இரண்டாவது. மூன்றாவது, துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகே கிளம்பினாலும் 0.1 நொடிக்குள் கிளம்பினால் குற்றம் என்கிறார்களே, அது என்ன கணக்கு என்பது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை வருடமாகியும் இந்தச் சண்டை ஓயவில்லை. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பாதிதான் சொல்லலாம். மூன்றாவதில்தான் உண்மையான சிக்கல், ஆனால் அதற்கும் போல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். மாவட்ட, மண்டலப் போட்டிகளில் பல வருடம் ஸ்டார்ட்டராக, அதாவது ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவராக, நின்றிருக்கிறேன். மரக் கட்டைகளைத் தட்டும் கிளாப்பரில் ஆரம்பித்துத் துப்பாக்கிக்கு வந்தவன். சர்வதேசப் போட்டியில் நின்றதில்லை, ஓடுபவர்கள் காலை ஊன்றி உதைத்துக் கிளம்ப அங்கே வைக்கும் மின்னணு பிளாக்குகளை இயக்கியதும் இல்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் விதிப் புத்தகத்திலும் ஆய்வுகளிலும் படித்தது.

அன்றைக்கு நடந்தது இது. ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் டைசன் கே இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். ஜமைக்காவின் அசாஃபா பவல் காயத்தால் கடைசி நேரத்தில் விலகிவிட்டார். இருவரும் இல்லாத ஓட்டத்தில் போல்ட்டுக்குப் போட்டியே கிடையாது என்றுதான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். 'செட்' சொன்னதும் எட்டுப் பேரும் இடுப்பை உயர்த்தினார்கள். அடுத்த கணம் போல்ட் மட்டும் பிளாக்கை விட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு எட்டு வைப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது, சட்டையைக் கழற்றிவிட்டார். மீதி ஏழு பேரை வைத்து மறுபடி ஓட்டினார்கள். நொடிக்கு 1.4 மீட்டர் எதிர்க்காற்றில் பிளேக் 9.92-இல் வென்றார், அப்போது அவருக்கு வயது 21. அமெரிக்காவின் வால்டர் டிக்ஸ் 10.08. மூன்றாவதாக 10.09-இல் வந்தவர் 35 வயது கிம் காலின்ஸ், செயின்ட் கிட்ஸ் நெவிஸ் என்ற சின்னத் தீவு நாட்டுக்காரர். எட்டு வருடம் முன்பு பாரிஸில் இதே பட்டத்தை வென்றவர். என்னைக் கேட்டால் அன்றைய கதை காலின்ஸ்தான், ஆனால் அவரை யார் பார்த்தார்கள்.

இப்போது முதல் கேள்வி. போல்ட்டின் தொடக்க நேரமாகப் பதிவானது கழித்தல் 0.104 நொடி. இந்தக் கழித்தல் குறிதான் பலருக்குப் புரிவதில்லை. துப்பாக்கி வெடித்த கணத்தைப் பூஜ்யமாக வைத்து, ஓடுபவரின் கால் பிளாக்கை எப்போது உதைத்தது என்று அளக்கிறார்கள். 0.150 என்றால் வெடித்து அவ்வளவு நேரம் கழித்து. கழித்தல் 0.104 என்றால் வெடிப்பதற்கு அவ்வளவு நேரம் முன்பு. அதாவது சத்தமே பிறக்காதபோது அவர் கிளம்பியாயிற்று. இதில் கருவி தவறாக அளந்திருக்குமோ, எல்லைக் கோட்டு விவகாரமோ என்ற பேச்சுக்கே இடமில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

சரி, அவர்தான் முன்னாடியே கிளம்பிவிட்டாரே, ஸ்டார்ட்டர் ஏன் துப்பாக்கியை வெடித்தார் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, இதை ஸ்டார்ட்டராக நின்றவனிடம்தான் கேட்க வேண்டும். எனக்கும் ஓடுபவனுக்கும் நரம்பு ஒன்றுதான். எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள், இப்போது அழுத்தலாம் என்று நான் முடிவெடுத்த பிறகு, விரல் அழுத்தி வெடிக்க ஒரு சிறு நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் ஒரு பையன் பாய்ந்தால் என் கண் பார்க்கும், மூளை 'நிறுத்து' என்று சொல்லும், ஆனால் விரல் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். எங்கள் மண் மைதானத்தில் இது எனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. வெடித்த கையோடு இரண்டாவது குண்டையும் வெடித்துத் திருப்பிக் கூப்பிடுவேன். முன்னால் நிற்கும் பெற்றோர், 'அவன்தான் கிளம்பிட்டான்னு தெரியுதே, அப்புறம் எதுக்கு சார் சுட்டீங்க' என்பார்கள். டேகுவில் 0.104 என்ற அளவைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்த ஸ்டார்ட்டரின் விரல்தான். அவர் அழுத்த முடிவெடுத்த நேரமும் போல்ட் கிளம்பிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம். அந்த ஸ்டார்ட்டர் மனதில் என்ன இருந்தது என்று எந்தக் கருவியும் அளக்கவில்லை.

ஆக, கிளம்பியது குற்றம் என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு தடவைக்கே வெளியே அனுப்பலாமா என்பது வேறு விஷயம், அது விதியின் வரலாறு. 2002 வரை ஒவ்வொருவருக்கும் ஒரு மன்னிப்பு உண்டு. இரண்டாவது தடவை அவரே செய்தால்தான் வெளியே. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியில் நடப்புச் சாம்பியன் லின்ஃபர்ட் கிறிஸ்டி அப்படித்தான் இரண்டு தடவை செய்து வெளியேறினார். எட்டுப் பேர் தலா ஒரு தடவை செய்யலாம் என்றால் கணக்குப்படி ஒரு ஓட்டத்தை எட்டுத் தடவை கலைக்கலாம். தொலைக்காட்சிக்காரர்கள் விடுவார்களா? 2003-இல் மாற்றினார்கள். மொத்த ஓட்டத்துக்கும் ஒரே மன்னிப்பு. அதற்குப் பிறகு யார் செய்தாலும், அது அவருக்கு முதல் தடவையாகவே இருந்தாலும், வெளியே.

அடுத்து வந்த இன்றைய விதியையும் சேர்த்தால் மூன்று விதிகள்; அவற்றில் இந்த இரண்டாவதுதான் மோசம் என்பது என் கருத்து. மெதுவாகக் கிளம்பும் ஆள் வேண்டுமென்றே முதல் தவறைச் செய்துவிடலாம். அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு வேகமாகக் கிளம்பும் மற்றவர்கள் பயந்து பயந்து உட்கார வேண்டும். ஒருவன் செய்த தவறுக்கு இன்னொருவன் தலை போகும். அதே 2003-இல் பாரிஸ் உலகப் போட்டியின் காலிறுதியில் அதுதான் நடந்தது. முதல் தவறு வேறொருவர் கணக்கில். அடுத்த தொடக்கத்தில் அசாஃபா பவல் 0.086, அமெரிக்காவின் ஜான் டிரம்மண்ட் 0.052 என்று கருவி காட்ட, இருவருக்கும் வெளியேறச் சொல்லும் சிவப்பு அட்டை. டிரம்மண்ட் 'நான் அசையவே இல்லை' என்று கத்திக்கொண்டு லேனிலேயே நீட்டிப் படுத்துவிட்டார். அரங்கமே கலவரமானது. அவர் நடந்துகொண்ட விதம் சரியில்லை, ஆனால் அவர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருந்திருக்கலாம். கருவி பார்ப்பது கால் பிளாக்கில் கொடுக்கும் அழுத்தத்தை, உடம்பு நகர்ந்ததை அல்ல. உட்கார்ந்த நிலையில் குதிகாலைக் கொஞ்சம் அழுத்தினாலும் பதிவாகலாம். டிரம்மண்ட் விஷயத்தில் அதுதான் நடந்ததா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

பிறகு 2009-இல் பெர்லினில் கூடிய சர்வதேசத் தடகள சம்மேளனம் மன்னிப்பே வேண்டாம் என்று முடிவு செய்தது. 2010 ஜனவரி முதல் அமல். டெக்காத்லான் போன்ற பல்வகைப் போட்டிகளில் மட்டும் இன்றும் பழையபடி ஓட்டத்துக்கு ஒரு மன்னிப்பு உண்டு. டேகு போட்டி வருவதற்குள் இந்த விதிக்கு ஒன்றரை வயதுக்கு மேல் ஆகியிருந்தது. போல்ட்டுக்காகப் புதிதாகக் கொண்டுவந்ததும் இல்லை, அவருக்குத் தெரியாததும் இல்லை. அதே போட்டியில் பிரிட்டனின் ட்வெய்ன் சேம்பர்ஸ் 100 மீட்டர் அரையிறுதியிலும், கிறிஸ்டீன் ஒஹுருகு பெண்கள் 400 மீட்டர் முதல் சுற்றிலும் இதே விதியால் வெளியேறியிருந்தார்கள். 400 மீட்டரில் நொடியில் பத்தில் ஒரு பங்கை முன்னால் எடுத்து என்ன லாபம் என்று யாரும் கேட்டார்களா? போல்ட் போன பிறகுதான் விதி கொடுமையானது என்று உலகத்துக்குத் தோன்றியது. டிக்கெட் வாங்கியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சேம்பர்ஸை அனுப்பிவிட்டு போல்ட்டை மட்டும் ஓடவிட்டிருந்தால் அதைவிடக் கேவலம் இருந்திருக்காது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், பிளேக்கின் கால். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பிளேக்கிடம் ஒரு துடிப்பு தெரிகிறது என்பது உண்மைதான். இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: கையைத் தரையிலிருந்து எடுக்காமல், காலை பிளாக்கிலிருந்து எடுக்காமல், உடம்பில் ஒரு துடிப்பு மட்டும் வந்தால் இன்றைய விதிப்படி அது ஃபால்ஸ் ஸ்டார்ட் இல்லை. ஸ்டார்ட்டர் நினைத்தால் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லலாம், அசைந்தவரை எச்சரிக்கலாம். பிளேக்குக்கு வெளியேற்றம் என்ற பேச்சே வராது. அப்படி எழுப்பியிருந்தால் போல்ட் தப்பியிருப்பார் அல்லவா என்பீர்கள். இருக்கலாம். ஆனால் துடிப்புக்கும் போல்ட்டின் பாய்ச்சலுக்கும் நடுவே இருந்த நேரத்தில் எந்த ஸ்டார்ட்டராலும் வாயைத் திறந்து 'எழுந்திருங்கள்' என்று சொல்ல முடியாது. மேலே என் விரலைப் பற்றிச் சொன்னதேதான்.

அந்தத் துடிப்புதான் போல்ட்டைக் கிளப்பியதா என்பது சந்தேகத்துக்குரியது. 'செட்' நிலையில் தலை தொங்கிக் கண் தரையைப் பார்க்கும். ஓரக்கண்ணில் பக்கத்து ஆள் நிழல்போலத்தான் தெரிவார். அதோடு, காதால் கேட்டுக் கிளம்புவதைவிடக் கண்ணால் பார்த்துக் கிளம்ப நேரம் அதிகமாகும். ஆனால் ஒருவன் அசைந்தால் வரிசையே சரிந்துகொண்டு போவதை நான் மைதானத்தில் பார்த்திருக்கிறேன், குறிப்பாகப் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களிடம். முதலில் போனவனைவிட அவனைத் தொடர்ந்து போனவன் முகத்தில்தான் அதிர்ச்சி அதிகம் இருக்கும். அதனால் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போல்ட் பிளேக்கைக் குறை சொல்லவில்லை, தன் தவறு என்றே ஏற்றுக்கொண்டார். இருவரும் கிளென் மில்ஸ் என்ற ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றாக ஓடியவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து அந்த 0.1 நொடி. மிகவும் படித்தவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் காதுக்கு வர வேண்டும், காதிலிருந்து மூளைக்குப் போக வேண்டும், மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் காலுக்கு உத்தரவு வர வேண்டும், தசை இறுகி பிளாக்கைத் தள்ளும் அளவுக்கு விசை சேர வேண்டும். இதற்கெல்லாம் குறைந்தது 0.1 நொடி ஆகும், அதற்குள் தள்ளியவன் சத்தத்தைக் கேட்டுத் தள்ளவில்லை, குத்துமதிப்பாகக் கிளம்பியிருக்கிறான் என்பது விதியின் தர்க்கம். தர்க்கத்தில் பிழை இல்லை. எல்லையை 0.100-இல் போட்டதில்தான் கேள்வி. சம்மேளனமே கேட்டுச் செய்யவைத்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. பின்லாந்து ஓட்டக்காரர்கள் ஏழு பேரை வைத்துப் பார்த்து, எல்லையை 0.080 அல்லது 0.085-க்குக் குறைக்கலாம் என்றும், அதிவேகக் கேமராவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஏழு பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை, அவர்கள் உலகத்தரத்து ஓட்டக்காரர்களும் இல்லை. அதனால் 0.080 சரி என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் 0.100 என்பது உடற்கூற்றின் கல்வெட்டு இல்லை, மனிதர்கள் வசதிக்காகப் போட்ட கோடு என்பதற்கு அது போதும்.

இன்னொரு சங்கதி, கருவி எந்த அளவு விசை வந்ததும் 'கிளம்பிவிட்டான்' என்று கணக்கெடுக்கிறது என்பது. அந்த அளவைக் கூட்டினால் எல்லோருடைய நேரமும் கூடும், குறைத்தால் குறையும். இப்போதைய பிளாக்குகள் விசையை நொடிக்கு 4,000 தடவை அளக்கின்றன என்கிறார்கள். கருவிக்குக் கருவி முறை மாறும்போது ஒரு போட்டியின் 0.105-ஐயும் இன்னொரு போட்டியின் 0.115-ஐயும் ஒப்பிட்டு ஆள் யார் சுறுசுறுப்பு என்று சண்டை போடுவது வீண் வேலை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் உண்டு. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். ஸ்டார்ட்டர் முதல் லேன் பக்கம் நின்று சுட்டால் எட்டாவது லேன்காரனுக்கு எட்டு ஒன்பது மீட்டர் தள்ளிக் கேட்கும், அதில் 0.025 நொடி போய்விடும். 0.1 என்ற எல்லையில் அது கால் பங்கு. பெரிய போட்டிகளில் இதற்காகத்தான் ஒவ்வொரு பிளாக்கின் பின்னாலும் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் போட்டிகளில் எட்டாவது லேன் பையனுக்குக் கடவுள்தான் துணை.

இந்த எல்லையால் உண்மையிலேயே அடிபட்டவர் டெவன் ஆலன். 2022 உலகப் போட்டி அமெரிக்காவின் யூஜீனில், அவர் படித்த ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஹேவர்ட் ஃபீல்டிலேயே நடந்தது. 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் அவர் நேரம் 0.099. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சத்தத்துக்குப் பிறகுதான் கிளம்பினார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவ்வளவு சீக்கிரம் கிளம்பியிருக்க முடியாது என்பதுதான் குற்றச்சாட்டு. குத்துமதிப்பாகக் கிளம்பினாரா, பிறவியிலேயே அவ்வளவு வேகமா என்று அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. போல்ட்டுக்கு அழுதவர்கள் அந்தக் கண்ணீரை ஆலனுக்காக வைத்திருந்திருக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், ஒரே தவறில் வெளியேற்றம் என்ற விதியை அப்படியே வைத்துக்கொள்வேன். சத்தத்துக்கு முன்பே போனவனை, 0.080-க்குள் போனவனை, யோசிக்காமல் அனுப்பலாம். 0.080-க்கும் 0.100-க்கும் நடுவே விழுபவரை வெளியேற்றாமல், யார் மீதும் தவறு இல்லை என்று சொல்லும் பச்சை அட்டையைக் காட்டி எல்லோரையும் மறுபடி ஓடவிடலாம். தெரியாத இடத்தில் தண்டனை எதற்கு? இதிலும் ஓட்டை உண்டு. குத்துமதிப்பாகக் கிளம்பிப் பார்க்கிறவனுக்கு அந்த இடைவெளி ஒரு இலவச வாய்ப்பாகிவிடும் என்று சக ஸ்டார்ட்டர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

அப்புறம், கேட்டவர் கடைசியில் சேர்த்திருந்த ஒரு வரி: டேகுவுக்குப் பிறகு போல்ட் பயந்துபோய் மெதுவாகக் கிளம்ப ஆரம்பித்தார் என்று படித்தேன், சரியா என்று. எண்களைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 9.69 ஓடியபோது அவர் கிளம்பிய நேரம் 0.165. 2009 பெர்லினில் 9.58 ஓடியபோது 0.146. டேகுவுக்கு மறு வருடம் லண்டனில் 9.63 ஓடியபோது 0.165, அதாவது பெய்ஜிங்கில் இருந்த அதே நேரம். ஆறடி ஐந்து அங்குல உடம்பை மடக்கி உட்கார்ந்து கிளப்புகிற ஆள் அவர்; ஆரம்பம் எப்போதுமே அவர் பலம் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 0.178-இல் கிளம்பி, இறுதியில் ஓடியவர்களின் மிக மெதுவான தொடக்கங்களில் ஒன்றோடு, ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் தங்கம் எடுத்தார். டேகுவில் போல்ட் 0.2-இல் கிளம்பியிருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம், அதே போட்டியில் சில நாள் கழித்து 200 மீட்டரை 19.40-இல் ஓடி வென்றவர் அவர். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ இதேபோல முன்கூட்டிக் கிளம்பி வெளியேற்றப்பட்டார், ஜமைக்காவின் ஒப்ளிக் செவில் 9.77-இல் வென்றார். போல்ட் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.